பத்துக்கு எத்தனை?

நான் உயிரியல் டீச்சர். இருபத்தேழு வருட சர்வீஸ். மார்க் போடுவதில் கஞ்சம் என்று பெயர் வாங்கியவள். செல் படம் வரைந்து பாகம் குறித்த பிள்ளை, கோட்டை உட்கருவைத் தொடாமல் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அரை மார்க் போச்சு. பத்துக்குப் பத்து நான் போட்டதே இல்லை. எட்டு போட்டதாகக்கூட நினைவில் இல்லை. இதை இங்கே முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் புத்திதான் போன வருடம் என் சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது.

மலக்குடலில் கட்டி. முதலில் ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துச் சுருக்கினார்கள், அப்புறம் ஆபரேஷன். மலக்குடலின் பெரும்பகுதியைக் கட்டியோடு எடுத்துவிட்டு, மேலே இருந்த குடலைக் கீழே இழுத்து இணைத்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அந்த வழியாக எதுவும் போகக்கூடாது. அதற்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு வளைவை எடுத்து, வயிற்றின் வலது பக்கம் தோலுக்கு வெளியே திறந்து வைத்தார்கள். ஸ்டோமா. சிவப்பாக, ஈரமாக, ஒரு ரோஜா மொட்டு அளவில் இருக்கும். தொட்டால் வலிக்காது. அதன் மேல் ஒரு பை ஒட்டப்பட்டிருக்கும். சில மாதத்தில் மறுபடி உள்ளே வைத்துவிடுவோம் என்றார் சர்ஜன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றைத் திறந்து இவ்வளவு செய்துவிட்டு ஆறே நாளில் வீட்டுக்கா என்று என் கணவருக்கு ஒரே பதற்றம். முன்பெல்லாம் வாரக்கணக்கில் வைத்திருப்பார்களாம். 1990-களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன், ஆபரேஷன் முடிந்ததும் சீக்கிரம் சாப்பிடவிட்டு, சீக்கிரம் நடக்கவிட்டு, தேவையில்லாத குழாய்களைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் உடம்பு வேகமாகத் தேறுகிறது என்று காட்டினார். அது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான், நானே மூன்றாம் நாள் வராந்தாவின் கடைசிவரை நடந்தேன். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. குடல் தையல் விட்டுப்போனால் அது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள்தான் தெரியும். அதாவது ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய நாட்களில் பாதியை இப்போது வீட்டில் கழிக்கிறோம்.

அந்தப் பாதியைப் பார்த்துக்கொள்ளத்தான் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மணிச்சத்தம் வரும். முப்பது நாளைக்கு.

வலி எவ்வளவு, குமட்டல் எவ்வளவு, சோர்வு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு கெட்டது, மூச்சுத் திணறல் எவ்வளவு, கவலை எவ்வளவு. எல்லாவற்றுக்கும் சுழியத்திலிருந்து பத்து வரை மார்க். அப்புறம் காய்ச்சல் எத்தனை டிகிரி. காயத்தைப் படம் எடுத்து அனுப்ப ஒரு இடம். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, கெண்டைக்காலில் வலி இருக்கிறதா. நேற்று பையில் மொத்தம் எத்தனை மில்லி வந்தது. நான்கோ அதற்கு மேலோ மார்க் போட்டால் சிஸ்டருக்கு ஒரு எச்சரிக்கை போகும், அவர் போன் செய்வார். ஏற்பாடு அவ்வளவுதான்.

கால் வீக்கத்தை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் புரியவில்லை. வயிற்றில் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம், வீட்டுக்குப் போன பிறகும் அது தீர்வதில்லை. அந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதனால் நான்கு வாரத்துக்குத் தினமும் ஒரு ஊசி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து நானே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக் குழலுக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருக்கும். அதை வெளியே தள்ளாதீர்கள், அப்படியே போடுங்கள் என்று சிஸ்டர் மூன்று முறை சொன்னார். குமிழியைப் பார்த்தால் தட்டி வெளியேற்றத்தான் கை போகும். முதல் நாள் என் கணவர் அந்த ஊசியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். பத்தாம் நாளுக்குள் நான் பல் தேய்ப்பதுபோல் போட்டுக்கொண்டேன்.

மில்லி கணக்குக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் குவளை கொடுத்தார்கள். அதில் கோடுகள் நூறு நூறாக இருந்தன. எனக்குப் போதவில்லை. பள்ளி லேப்பிலிருந்து ஒரு பழைய பீக்கரை வரவழைத்தேன் (லேப் அசிஸ்டென்ட் எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). பாத்ரூம் ஜன்னல் திண்டில் வைத்து, குனிந்து, திரவ மட்டத்தின் அடிக்கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிப்பேன். பையின் வாய்க் கிளிப்பைக் கழற்றிக் கவிழ்ப்பது, அளப்பது, துடைப்பது, நோட்டில் குறிப்பது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. என் நோட்டில் 180, 240, 210 என்றெல்லாம் இருக்கும். மார்க்குகளில்தான் கஞ்சம். அளவுகளில் நான் சுத்தம்.

மார்க்குகள் எப்படி இருந்தன என்றால், வலி இரண்டு. குமட்டல் ஒன்று. சோர்வு மூன்று. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

பொய் சொல்லவில்லை. வலிக்குப் பத்து என்றால் என்ன என்று யோசிப்பேன். ஆப் சொல்கிறது, “நீங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி.” என் கற்பனை வளமானது. ரேடியேஷன் வார்டில் நான் பார்த்த ஒரு அம்மா இருக்கிறார், அவருக்குப் பத்து. அவரோடு ஒப்பிட்டால் எனக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வராது. அதோடு, நான்கு போட்டால் அங்கே யாரோ ஒரு சிஸ்டர் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போன் எடுக்க வேண்டும். அத்தனை பேர் இருக்கும்போது எனக்கு எதற்கு. இப்படித்தான் ஓடியது.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஆப்பில் போட்ட முந்தின நாள் கணக்கு 1400 மில்லி. சனிக்கிழமை போட்டது 1700. ஞாயிற்றுக்கிழமை 2100. பையில் வருவது தண்ணீராகவே இருந்தது. டிஸ்சார்ஜ் தாளில் தெளிவாக எழுதியிருந்தது, ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் கூப்பிடவும் என்று. படித்திருந்தேன். ஆனால் மற்ற மார்க்கெல்லாம் இரண்டும் மூன்றுமாகத்தானே இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் மார்க்கை நானே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போகிறதை ஈடுகட்டினால் சரியாகிவிடும் என்று தண்ணீர், தண்ணீர், மறுபடி தண்ணீர். மூன்று லிட்டர், நான்கு லிட்டர். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. ஞாயிறு காலை 2100 என்ற எண்ணை ஆப்பில் போட்டு அனுப்பினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக். “உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நன்றி.” அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், இது அவசர உதவிக்கானது அல்ல என்று ஒரு வரி. சனி ஞாயிறில் அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரோ பார்த்துவிட்டார்கள், அவர்களே ஒன்றும் சொல்லவில்லை, அப்போது பரவாயில்லை போல என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் போன் வந்தது. நான் அன்றைய கேள்விகளுக்குப் பதில் போட்டு முடித்திருக்கவில்லை.

“டீச்சர், நேத்து 2100 மில்லி போட்டிருக்கீங்க. சோர்வுக்கு மூணு போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப்போகலையே.”

“மூணுதான் சிஸ்டர். சமாளிச்சுக்கிறேன்.”

“காலையில பல் தேய்ச்சாச்சா?”

இது என்ன கேள்வி என்று தோன்றியது. “தேய்ச்சாச்சு.”

“நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?”

கொஞ்சம் யோசித்தேன். வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதை நான்தான் முதல் நாள் இழுத்துப் போட்டிருந்தேன். “உக்காந்துதான்.”

“ஏன்?”

“நின்னா கண்ணு இருட்டுது.”

“யூரின் கடைசியா எப்ப போச்சு?”

ராத்திரி. கொஞ்சம்தான். நிறம் என்ன என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. “டீச்சர், சார் பக்கத்துல இருக்காரா? போனை அவர்கிட்ட குடுங்க.” என்னிடம் பேச வேண்டியது முடிந்துவிட்டது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தில் மேல் எண் 84. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் 0.8 இருந்தது, 2.3 ஆகியிருந்தது. சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் போகவில்லை. இரண்டு கையிலும் ட்ரிப்ஸ். சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்கள் மறுபடி அட்மிட் ஆகும் காரணங்களில் நீர்வற்றல்தான் முக்கியமான ஒன்று, அதுவும் முதல் சில வாரங்களில், என்றார் டியூட்டி டாக்டர். சிறுகுடல் உறிஞ்சியது போக மிச்சத் தண்ணீரை உறிஞ்சுகிற இடம் பெருங்குடல், அதற்கு முன்னாலேயே வெளியே வழி வைத்துவிட்டோம், சிறுகுடல் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். அப்புறம் கேட்டார், “வெறும் தண்ணியா குடிச்சீங்க?”

ஆமாம் என்றேன்.

அவர் விளக்க ஆரம்பித்தார். சிறுகுடலின் மேல்பகுதிச் சுவர் கசிவானது. உப்பு இல்லாத தண்ணீர் உள்ளே வந்தால் ரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் இறங்கும், சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். குடிக்கக் குடிக்க இன்னும் அதிகமாகப் போகும். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்திருப்பதால், குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், தண்ணீரும் உள்ளே போகும்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சவ்வூடு பரவல். இருபத்தேழு வருடமாக, வருடத்துக்கு நான்கு பிரிவு, உருளைக்கிழங்கைக் குடைந்து கிண்ணமாக்கி, உள்ளே உப்புக்கரைசல் ஊற்றி, தண்ணீரில் மிதக்கவிட்டு, குண்டூசி குத்திக் காட்டிய டீச்சர். பரீட்சையில் இதை எழுதாத பிள்ளைக்கு ஐந்துக்குச் சுழியம் போட்ட டீச்சர். அவர் முடிக்கும்வரை நான் உயிரியல் டீச்சர் என்று சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்று நாளில் கிரியாட்டினின் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபராமைடு மாத்திரை, வெறும் தண்ணீருக்கு ஒரு அளவு, மிச்சமெல்லாம் கரைசல். பையின் கணக்கு 900-க்கு வந்தது. வீட்டுக்குப் போகும் அன்று அந்த சிஸ்டர் நேரில் வந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்திருந்ததைவிட வயது குறைவு, என் பழைய மாணவிகளில் ஒருத்தி மாதிரி இருந்தார். “நீங்க போடுற மார்க்கை வச்சு உங்களை நான் பாஸ் பண்ணவோ ஃபெயில் பண்ணவோ போறதில்ல டீச்சர். நான் போன் எடுக்கணுமா வேணாமான்னு பாக்கத்தான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு விடைக்குறிப்பு எழுதினேன். எதற்கு எத்தனை மார்க் என்று பொதுத்தேர்வில் தாள் திருத்துகிறவர்களுக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வலியின் அளவை யோசிக்கவே கூடாது, அதனால் எது நின்றுபோகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்பது அடிப்படை. பேசிக்கொண்டிருக்கும்போது வலி மறந்துபோனால் இரண்டு. மறக்கவில்லை, ஆனால் பேச முடிகிறது என்றால் நான்கு. ஒரே பத்தியை மறுபடி மறுபடி படிக்கிறேன் என்றால் ஐந்து. பக்கத்தில் யாராவது பேசினாலே எரிச்சல் வருகிறது என்றால் ஆறு. படுக்கும் நிலையை மாற்ற பயந்தால் ஏழு. சோர்வுக்கும் அப்படியே. குளிக்கும்போது பாதியில் உட்கார்ந்தால் ஐந்து, குளிக்காமல் விட்டால் ஏழு, நின்று பல் தேய்க்க முடியாவிட்டால் மார்க் எல்லாம் வேண்டாம், நேராகப் போன்.

இரண்டாவது மதிப்பீட்டாளராக என் கணவர் நியமிக்கப்பட்டார். அவர் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் எனக்கு மார்க் போடுவார், நான் பார்க்காமல். முதல் நாள் சோர்வுக்கு நான் மூன்று, அவர் ஆறு. “ராத்திரி மூணு தடவை முனகினே, உனக்கே தெரியாது” என்றார். இரண்டு மதிப்பீட்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தால் தாள் மூன்றாவது ஆளுக்குப் போக வேண்டும், அதுதான் விதி. அந்த மூன்றாவது ஆள் சிஸ்டர். ஆப்பில் “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா” என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் தினமும் “கணவர் கணக்குப்படி 6” என்று எழுதி அனுப்பினோம். போன் வந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். மாத்திரையை இந்த நேரத்துக்கு மாற்றுங்கள், இன்று கூடுதலாக நடக்க வேண்டாம், காய்ச்சலை மாத்திரை போடுவதற்கு முன்னால் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை யோசித்தே பார்த்ததில்லை. பாராசிட்டமால் போட்டுவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்தால் 98.6 காட்டாமல் வேறென்ன காட்டும்.

என் மகள் எதையும் படித்துப் பார்த்துத்தான் நம்புவாள். இந்த மார்க் போடும் வேலையால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா என்று தேடியவள், ஒரு ராத்திரி போனில், “அம்மா, சீனாவுல நுரையீரல் ஆபரேஷன் ஆனவங்க 166 பேரை வச்சுப் பாத்திருக்காங்க” என்று ஆரம்பித்தாள். 2022-ல் வந்த ஆய்வு. வலி, இருமல், சோர்வு, தூக்கமின்மை, மூச்சுத்திணறல் ஆகிய ஐந்துக்கும் மார்க். வீட்டுக்குப் போனபின் வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம் வரை. நான்கு மார்க்கைத் தொட்டால் சர்ஜனுக்கு எச்சரிக்கை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு சிக்கல் வந்தவர்கள் ஒரு குழுவில் 21.5 சதவீதம், இன்னொரு குழுவில் 40.6 சதவீதம்.

சரி, மார்க் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்தேன். “இல்லம்மா. ரெண்டு குழுவுமே மார்க் போட்டாங்க. ஒரு குழு போட்டது மட்டும்தான் டாக்டருக்குப் போச்சு.”

இதைக் கேட்டதும் எனக்கு ஸ்டாஃப் ரூம் ஞாபகம் வந்தது. அறுபது வீட்டுப்பாட நோட்டை வாங்கி மேஜையில் அடுக்கி, திருத்தாமலே திருப்பிக் கொடுக்கும் சில டீச்சர்கள் உண்டு. மூன்றாவது வாரம் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். இதே மாதிரி 2011-லேயே அமெரிக்காவில், மார்பைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தானியங்கிப் போன் வழியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் இரண்டு குழுவும் பதில் சொன்னது, ஒரு குழுவின் பதில் மட்டும் மருத்துவர்களுக்குப் போனது, அந்தக் குழுவுக்குத்தான் தொந்தரவுகள் அதிகம் குறைந்தன. நியூயார்க்கில் 766 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வும் இருக்கிறது. அவர்கள் ஆபரேஷன்காரர்கள் இல்லை, நோய் பரவிக் கீமோவில் இருந்தவர்கள். 2017-ல் வெளியான கணக்குப்படி, அறிகுறிகளை அவர்களே தெரிவித்து, நர்ஸுக்கு எச்சரிக்கை போன குழுவின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்த குழுவுக்கு 26. சோதித்துப் பார்த்தது புது மருந்து எதையும் அல்ல. என் மகள் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எனக்குப் பரவவில்லை, ஆனாலும் அந்த வார்த்தையைச் சொன்னதும் இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

கருவிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் நுரையீரல் ஆபரேஷன் ஆனவர் இருந்தார். அவருக்கு, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் கொடுத்து அனுப்பினார்கள். கருத்த தோலில் அந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், 2020-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. அவரிடம் சிஸ்டர் சொன்னது இதுதான்: எண் 96 காட்டினாலும், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியவில்லை என்றால் கூப்பிடுங்கள்.

சனி ஞாயிறு விவகாரத்தை நான் விடவில்லை. அடுத்த செக்கப்பில் சர்ஜனிடம் சொன்னேன். ஆளை உட்கார வைக்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் 2100 மில்லி போட்டவளுக்கு நன்றி சொல்லாதீர்கள் என்றேன். சிரித்தார், எழுதிக்கொண்டார். சில வாரம் கழித்து மாற்றிவிட்டார்கள். இப்போது 1500-க்கு மேல் போட்டால் சிவப்பில் ஒரு போன் நம்பர் வரும், எல்லா நாளும் எடுக்க ஆள் உண்டு என்கிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுத்தார்கள். என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை, எடுக்கிறீர்களா என்று பார்த்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் ஆப்பில் வாழ்த்துச் செய்தி வந்தது. “உங்கள் கண்காணிப்பு நிறைவடைந்தது.” கூடவே வண்ணக் காகிதங்கள் பறப்பதுபோல் ஒரு படம். மறுநாள் ஒன்பது மணிக்கு மணிச்சத்தம் வரவில்லை. வெறுமையாக இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, தையல் ஒழுகவில்லை என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஸ்டோமாவை உள்ளே வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. மலக்குடல் என்பது ஒரு சேமிப்பு அறை. அது இருக்கும்போது அதன் அருமை தெரியாது. அதை எடுத்துவிட்டால் மலம் நிற்க இடமில்லை. அவசரம் என்றால் ஒரு நிமிடம் தாங்காது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி, மறுபடி. வெளியே கிளம்புவதற்கு முன் நான் போகிற இடத்தில் எத்தனை கழிவறை, எந்தப் பக்கம் என்று மனதில் வரைபடம் போட்டேன். கல்யாண வீடுகளைத் தவிர்த்தேன். இதையெல்லாம் எந்த ஆப்பும் கேட்கவில்லை. வலி இருக்கிறதா என்றால் இல்லை. காய்ச்சல் இல்லை. காயம் ஆறிவிட்டது. எல்லாமே சுழியம்.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். இதற்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது டீச்சர் என்றார். டென்மார்க்கில் தயாரித்து 2012-ல் வெளியிட்டது. ஐந்தே கேள்வி, மொத்த மார்க் 42. முப்பதும் அதற்கு மேலும் என்றால் பாதிப்பு பெரியது. எனக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை இல்லை. நோயாளிகளை எது உண்மையில் முடக்குகிறது என்று அவர்களிடமே கேட்டு மார்க்கைப் பிரித்திருக்கிறார்கள். எத்தனை முறை போகிறாய் என்பதற்கு அதிகபட்சம் ஐந்துதான். ஓட வேண்டிய அவசரத்துக்குப் பதினாறு. கேள்வித்தாள் தயாரித்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

காற்று அடக்க முடியாமல் போவது எப்போதாவது, 4. நீர்த்த மலம் ஒழுகுவது இல்லை, 0. நாளுக்கு நாலிலிருந்து ஏழு முறை, 2. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போவது வாரம் ஒரு முறையாவது, 11. அவசரம், வாரம் ஒரு முறையாவது, 16. கூட்டிப் பார்த்தேன். 42-க்கு 33. என் வாழ்நாளில் இவ்வளவு தாராளமாக ஒருவருக்கு மார்க் போட்டதில்லை.

அந்த 33-ஐப் பார்த்த பிறகுதான் இடுப்புத்தள தசைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், லோபராமைடு அளவை மாற்றினார்கள். எட்டு மாதமாகிறது. போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன், 26. கல்யாண வீட்டுக்குப் போகிறேன், ஆனால் ஓரத்து நாற்காலிதான்.

இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, புற்றுநோயின் தடயம் தேடும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, குறித்த மாதங்களில் சி.டி. ஸ்கேன், முதல் வருட முடிவில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி. நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் வரும் என்பதால் ஆரம்பத்தில் இப்படி நெருக்கமாக வைக்கிறார்கள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தின நாள் ஆப் மறுபடி விழித்துக்கொள்கிறது. இப்போது ஆறே கேள்விதான். எடை குறைந்திருக்கிறதா, ரத்தம் பார்த்தீர்களா, வலி, பசி, சோர்வு. கடைசியில் கவலை.

இன்று சாயங்காலம் வந்தது. நாளைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ஐந்தையும் வேகமாகப் போட்டுவிட்டேன். கவலைக்கு வழக்கம்போல் விரல் இரண்டுக்குப் போனது. விடைக்குறிப்பில் கவலைக்கு நான் எதுவுமே எழுதி வைக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். நேற்று முழுக்க என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒரே நோட்டுக் கட்டை மூன்று முறை திருத்த எடுத்து மூன்று முறையும் மூடி வைத்திருக்கிறேன். மகள் போன் செய்தபோது எடுக்கவில்லை. ராத்திரி வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

எட்டு போட்டு அனுப்பினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

“டீச்சர், கவலைக்கு எட்டா? நீங்களா?”

“ஆமா சிஸ்டர்.”

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. “சரி, சொல்லுங்க.”